சாம்பியா சுரங்கத்துக்கு மில் ஷெல் அனுப்புவது: எத்தனை துண்டு, எந்த வழி, யார் பொறுப்பு?

கேள்வி: திருச்சிக்கு அருகே கனரக ஃபேப்ரிகேஷன் தொழிற்சாலை நடத்துகிறோம். சாம்பியாவின் வடமேற்கு மாகாணத்தில் ஒரு செப்புச் சுரங்கத்துக்கு, தாதுவைப் பொடியாக்கும் பந்து அரைவை மில் ஒன்றின் ஷெல், அதாவது உருளை உடல், செய்துதரும் வேலை வந்திருக்கிறது. விட்டம் 24 அடி, அதாவது 7.3 மீ. நீளம் 11 மீ. எடை சுமார் 150 டன். நீளவாக்கில் இரண்டு பாதியாகச் செய்யலாம் என்கிறது எங்கள் டிசைன் பிரிவு. இதுவரை நாங்கள் ஏற்றுமதி செய்தவை எல்லாம் கண்டெய்னரில் அடங்கியவை. எந்தத் துறைமுகம், எந்த வகைக் கப்பல், காப்பீடு எப்படி? சுரங்க வாசல் வரை கொண்டு சேர்க்கும் டி.ஏ.பி. விலை கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்:

இரண்டு பாதியாகச் செய்யாதீர்கள், நான்காகச் செய்யுங்கள். டி.ஏ.பி. விலை கொடுக்காதீர்கள். இந்த இரண்டையும் முதலில் சொல்லிவிடுகிறேன். காரணங்கள் சற்று நீளம்.

இந்த மாதிரி வேலையில் பெரும்பாலோர் கணக்கைத் தொழிற்சாலை வாசலிலிருந்து தொடங்குகிறார்கள். பொருளைச் செய்து முடிப்போம், பிறகு லாரி, பிறகு கப்பல், அந்தப் பக்கத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று போகிறது திட்டம். கண்டெய்னர் சரக்குக்கு இது சரி. ஏனென்றால் அந்தப் பெட்டியின் அளவுக்கு ஏற்பத்தான் உலகத்துச் சாலைகளும் கிரேன்களும் பழகிக் கிடக்கின்றன. உங்கள் ஷெல் அப்படி இல்லை. அதன் அளவைத் தீர்மானிக்க வேண்டியது வழியிலேயே மிகக் குறுகலான இடம். அந்த இடம் அநேகமாகத் திருச்சியிலோ சென்னையிலோ இருக்காது, கடைசி முந்நூறு கிலோமீட்டருக்குள் எங்கோ இருக்கும். அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டு வந்து டிசைன் மேசையில் முடிக்க வேண்டும். வரைபடம் உறுதியான பிறகு போக்குவரத்துக்காரரைக் கூப்பிட்டால், அவர் செய்யக்கூடியது விலை சொல்வது மட்டும்தான்.

சரி, வடிவக் கணக்கைப் பார்ப்போம். 7.3 மீ. விட்டமுள்ள உருளையை நீளவாக்கில் இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு பாதியும் 7.3 மீ. அகலம், 3.65 மீ. உயரம். மூன்றாகப் பிரித்தால் அகலம் 6.3 மீ., உயரம் 1.8 மீ. நான்காகப் பிரித்தால் அகலம் 5.16 மீ. ஆகிவிடுகிறது, வளைவின் உயரம் வெறும் 1.07 மீ. அகலம் மெதுவாகக் குறைகிறது, உயரம்தான் மளமளவென்று சரிகிறது. இதைக் காகிதத்தில் வரைந்து பார்க்காமல் பலர் இரண்டு பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள்.

துண்டுகளை போல்ட் போட்டுச் சேர்க்கும் விளிம்புகளான ஃபிளாஞ்சுகளையும், அடியில் வைக்கும் தாங்கு சட்டமான சேட்டிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாதித் துண்டு 7.6 × 4.0 × 11.2 மீ. என்று வரும், ஒன்றுக்கு 340 கன மீட்டர், இரண்டுக்கும் 680. கால் துண்டை 5.4 × 1.6 × 11.2 மீ. என்று வைத்தால் ஒன்று 97 கன மீட்டர், நான்கும் சேர்ந்து 390-க்குள். திறந்த சரக்காக, அதாவது பிரேக்பல்க் முறையில், கப்பல் கட்டணம் பெரும்பாலும் டன் அல்லது கன மீட்டர், இரண்டில் எது அதிகமோ அதன் மேல் போடப்படுகிறது. உங்கள் 150 டன்னைக் கப்பல்காரர் கண்டுகொள்ளவே மாட்டார். அவர் பார்ப்பது 680-ஆ, 390-ஆ என்பதைத்தான். போதாக்குறைக்கு, வளைவு ஒன்றாக இருப்பதால் கால் துண்டுகளை நாட்டு ஓடுகளைப்போல ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து அடுக்கலாம். சேட்டிலை அதற்கேற்ப வடிவமைத்திருந்தால் கப்பல் அறையில் இன்னும் இடம் மிச்சம். பாதித் துண்டை அடுக்க நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

சாலையிலும் இதே கதைதான். பாதித் துண்டை ட்ரெய்லரில் வைத்தால் தரையிலிருந்து உயரம் ஐந்து மீட்டர். அகலம் 7.6. தார்ச்சாலை பல இடங்களில் ஏழு மீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். எதிரே வரும் ஒவ்வொரு லாரியையும் மண்ணில் இறக்கி நிறுத்திவிட்டுப் போக வேண்டும், ஒவ்வொரு மின்கம்பியையும் தூக்க வேண்டும். கால் துண்டு என்றால் உயரம் மூன்று மீட்டருக்குள் அடங்கும். கம்பிப் பிரச்சினை ஏறக்குறைய இல்லை. அகலத்துக்கு முன்னும் பின்னும் காவல் வண்டி வேண்டும், ஆனால் எதிர்த் திசைப் போக்குவரத்தை ஒதுங்கச் செய்து நகர்ந்துவிடலாம்.

உங்கள் டிசைன் பிரிவு இதை எதிர்க்கும், அவர்கள் எதிர்ப்பிலும் நியாயம் இருக்கிறது. இரண்டு நீள இணைப்புகள் நான்காகின்றன. இயந்திரத்தில் சீவ வேண்டிய ஃபிளாஞ்ச் முகங்கள் இரட்டிப்பாகின்றன, போல்ட்டுகளும் அப்படியே. மில் ஓடும்போது வரும் மாறிமாறி விழும் சுமையை ஒவ்வொரு இணைப்பும் தாங்க வேண்டும். எனவே மில்லை வடிவமைத்த நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் தொடாதீர்கள். தொழிற்சாலையிலேயே நான்கையும் முழுதாகப் பூட்டி, வட்டம் சரிபார்த்து, பொருத்தக் குறிகள் அடித்து, புகைப்படம் எடுத்து, பிறகு பிரிக்க வேண்டும். இதற்கெல்லாம் ஆகும் செலவையும் கப்பல், சாலை இரண்டிலும் மிச்சமாகும் பணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வாங்குபவரிடம் காட்டுங்கள். நான் பார்த்தவரை அந்தத் தாள் ஒன்றே வாதத்தை முடித்துவிடும். துண்டாக்குவது இந்தத் துறையில் புதிதும் அல்ல. அதே வடமேற்கு மாகாணத்தில் உள்ள சென்டினல் சுரங்கத்தில் 40 அடி விட்டமுள்ள மில்கள் ஓடுகின்றன. 12 மீட்டர் வட்டத்தை முழுதாக இவ்வளவு தூரம் சாலையில் கொண்டுபோவது நடைமுறையில் நடக்காது. ராட்சத டிப்பர்களின் தொட்டிகூடத் துண்டுகளாகப் போய்ச் சுரங்கத்தில்தான் பற்றவைக்கப்படுகிறது. வெட்டவே முடியாதவையும் உண்டு, டயரைப்போல. 360 டன் சுமக்கும் டிப்பரின் டயர் நான்கு மீட்டர் விட்டம், அதை அப்படியேதான் அனுப்பியாக வேண்டும்.

இனி வழி. சாம்பியாவுக்குக் கடல் இல்லை. டான்சானியாவின் தார் எஸ் சலாம், மொசாம்பிக்கின் பெய்ரா, நக்காலா, தென்னாப்பிரிக்காவின் டர்பன், நமீபியாவின் வால்விஸ் பே, அங்கோலாவின் லொபிட்டோ என்று ஆறு வாசல்கள் இருக்கின்றன. இந்தியாவிலிருந்து போகும் சரக்குக்கு முதலில் பார்க்க வேண்டியது தார் எஸ் சலாம். சென்னையிலிருந்து நேராகப் போனால் ஏறத்தாழ பத்து நாள் கப்பல் ஓட்டம். அங்கிருந்து மொரோகோரோ, மிக்குமி, இரிங்கா, ம்பேயா வழியாக எல்லையில் டுண்டுமா, எல்லைக்கு அப்பால் நகோண்டே, பிறகு கபிரி ம்போஷி, செப்புப் பட்டை எனப்படும் சுரங்கப் பகுதியின் நகரங்கள், கடைசியாக வடமேற்கு மாகாணத்தின் தலைநகர் சொல்வேசி. மொத்தம் 2,000 கி.மீ.க்கு மேல். மிக்குமியில் சாலை தேசியப் பூங்காவின் நடுவே போகிறது, விலங்குகளுக்காக வேகத்தடைகள் போட்டிருக்கிறார்கள். தரையோடு தாழ்ந்த ட்ரெய்லருக்கு ஒவ்வொரு வேகத்தடையும் ஒரு கண்டம். இரிங்காவுக்கு முன்னால் கிட்டோங்கா மலையேற்றம், செங்குத்தும் வளைவும் சேர்ந்தது. 11 மீ. நீளத் துண்டுக்கு அந்த வளைவுகளில் பின்சக்கரத்தின் பாதை எங்கே விழும் என்று அளந்து பார்த்தே ஆக வேண்டும். டுண்டுமா எல்லையில் லாரி வரிசை மிக நீளமானது, அகலமான சரக்கு அந்த வரிசையை எப்படித் தாண்டும் என்பதற்குத் தனியாக ஏற்பாடு வேண்டும்.

தார் எஸ் சலாமிலிருந்து கபிரி ம்போஷிக்கு ரயிலும் இருக்கிறது. 1970-களில் சீன உதவியுடன் கட்டிய டஸாரா பாதை, 1,860 கி.மீ. உங்கள் துண்டுகளுக்கு அது உதவாது. 1,067 மி.மீ. தடத்தில், சுரங்கப்பாதைகளும் பாலங்களும் நிறைந்த வழியில் 5.4 மீ. அகலத்தைக் கொண்டுபோக முடியாது. போல்ட் பெட்டிகளுக்கும் மில்லின் உள்ளே பதிக்கும் லைனர் தகடுகளுக்கும் வேண்டுமானால் விசாரிக்கலாம்.

பெய்ரா சாலைத் தூரத்தில் கிட்டம். ஆனால் அது ஆற்று முகத்துவாரத் துறைமுகம். வண்டல் சேர்ந்துகொண்டே இருப்பதால் கப்பல் வரும் வாய்க்காலைத் தூர்வாரிக்கொண்டே இருக்க வேண்டும், அலையேற்றம் பார்த்துத்தான் பெரிய கப்பல் உள்ளே வர முடியும். 2019 மார்ச்சில் இடாய் புயல் அந்த நகரத்தைப் புரட்டிப்போட்டது நினைவிருக்கலாம். பெய்ரா வழியில் போனால் ஜிம்பாப்வேயைக் கடந்து சிருண்டுவில் ஜாம்பேசி ஆற்றைத் தாண்டி, உடனே மலைச்சரிவு ஏற வேண்டும். வால்விஸ் பே நேர்மாறு. இந்தியாவிலிருந்து தென்முனையைச் சுற்றிப் போக வேண்டும், சாலையும் நீளம். ஆனால் நமீபியச் சாலைகள் நல்லவை, போக்குவரத்து குறைவு. 2004-இல் கட்டிய கட்டிமா முலிலோ பாலத்தில் ஜாம்பேசியைத் தாண்டிவிடலாம். மிகக் கனமான, வெட்டவே முடியாத துண்டு இருந்தால் அந்த வழியை ஒதுக்க மாட்டேன். உங்கள் 38 டன் கால் துண்டுகளுக்கு அது தேவையில்லாத சுற்று. டர்பன் வழிக்கு 2021-இல் திறந்த கசுங்குலா பாலம் ஒரு புதிய வசதி, ஆனாலும் சாலை மிக நீளம். நக்காலா நல்ல ஆழமான துறைமுகம்தான், மலாவியைக் கடந்து மூன்று நாட்டு அனுமதி வாங்க வேண்டும். லொபிட்டோ அட்லாண்டிக் பக்கம், உங்களுக்கு எதிர்த்திசை.

எந்த வழியானாலும் பணம் கொடுத்து ஒருவரை வண்டியில் அனுப்பி முழுத் தூரத்தையும் அளக்கச் சொல்லுங்கள். வழி ஆய்வு அறிக்கை என்ற பெயரில் வரைபடத்திலிருந்து தொகுத்துத் தருபவர்கள் உண்டு, அதை வாங்காதீர்கள். ஒவ்வொரு பாலத்துக்கும் அகலம், கைப்பிடிச் சுவரின் உயரம், தாங்குதிறன், ஒவ்வொரு கம்பிக்கும் உயரம், ஒவ்வொரு கூர்வளைவுக்கும் புகைப்படம் இருக்க வேண்டும். பழைய அறிக்கையும் பயன்படாது. மழைக்காலம் ஒன்று கழிந்தாலே மண் சரிவு, மாற்றுப்பாதை, புதிய வேகத்தடை என்று நிலைமை மாறிவிடும். இந்தப் பகுதியில் சாதாரண லாரிக்கு மொத்த எடை வரம்பு 56 டன். 38 டன் துண்டு, சேட்டில், ட்ரெய்லர், இழுவை வண்டி எல்லாம் சேர்த்தால் நீங்கள் அந்த வரம்பைத் தொட்டோ தாண்டியோ நிற்பீர்கள். அகலத்துக்கு எப்படியும் சிறப்பு அனுமதி வேண்டும், எடைக்கும் வேண்டுமா என்பது எத்தனை அச்சு வரிசையுள்ள ட்ரெய்லர் என்பதைப் பொறுத்தது. இப்படிப்பட்ட சரக்கு பொதுவாகப் பகலில்தான் நகர அனுமதிக்கப்படும். ஆகவே 2,000 கி.மீ. என்றதும் லாரி வேகத்தில் நாளைக் கணக்கிடாதீர்கள். வாரங்களில் கணக்கிடுங்கள்.

காலம் பார்ப்பது இன்னொரு கணக்கு. சாம்பியாவில் மழை நவம்பர் முதல் ஏப்ரல் வரை. தார் எஸ் சலாம் கரையோரத்தில் பெருமழை மார்ச் முதல் மே வரை. வங்கக் கடலில் புயல் என்றால் நமக்கு அக்டோபர் முதல் டிசம்பர். அரபிக் கடலில் தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் முதல் செப்டம்பர். எல்லாவற்றுக்கும் நல்ல நாள் கிடைக்காது, எனவே எதற்கு விட்டுக்கொடுப்பது என்று முடிவு செய்யுங்கள். நான் சாலைக்கு முதலிடம் கொடுப்பேன். ஜூன் தொடங்கி அக்டோபருக்குள் சாலைப் பயணம் முடிய வேண்டும் என்று வைத்தால், கப்பல் மே மாத வாக்கில் கிளம்ப வேண்டும். அதற்கு உங்கள் துண்டுகள் ஏப்ரல் நடுவில் துறைமுகத்தில் இருக்க வேண்டும். ஒரு மாதம் தாமதமானால் ஒரு மாதம்தான் போகும் என்று நினைக்காதீர்கள். அக்டோபரைத் தாண்டினால் அடுத்த மே வரை போகலாம்.

கப்பலுக்கு உங்களிடம் இரண்டு வழிகள் இருக்கின்றன, அதுவும் நான்காக வெட்டியதால்தான். ஒன்று, சொந்தக் கிரேன் உள்ள பல்நோக்குக் கப்பல். ஜம்போ நிறுவனத்தின் பெரிய கப்பல்களில் 1,500 டன் தூக்கும் கிரேன்கள் இரண்டு இருக்கின்றன. உங்களுக்கு அவ்வளவு வேண்டியதில்லை, கிழக்கு ஆப்பிரிக்கா போகும் வழியில் சென்னையில் நிற்கும் சாதாரணப் பல்நோக்குக் கப்பல் போதும். இரண்டாவது, கண்டெய்னர் கப்பலிலேயே, பக்கச் சுவரும் கூரையும் இல்லாத பிளாட் ராக் கண்டெய்னர் மேல் வைத்து அனுப்புவது. 11.2 மீ. நீளம் நாற்பது அடி பிளாட் ராக்கில் அடங்கும், எடையும் பெரும்பாலான ராக்குகளின் வரம்புக்குள் அல்லது அதை ஒட்டி வரும். அகலம் இரு பக்கமும் ஒன்றரை மீட்டர் வெளியே நீளும். பக்கத்து இடங்களில் வேறு பெட்டி வைக்க முடியாததால் அந்த இடங்களுக்கும் சேர்த்துக் கட்டணம் போடுவார்கள். கூடவே கொழும்பு போன்ற இடத்தில் கப்பல் மாறினால், தூக்கி இறக்குவது இரண்டு முறை கூடுகிறது. இருந்தாலும் குறித்த நாளில் வாரந்தோறும் கப்பல் கிடைக்கிறது என்பது சிறிய ஏற்றுமதியாளருக்குப் பெரிய நிம்மதி. இரண்டுக்கும் விலை வாங்குங்கள். என் ஊகம், நான்கு துண்டும் மற்றப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் தயாரானால் பல்நோக்குக் கப்பல் மலிவாக வரும்.

துறைமுகத்தை நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று நினைக்காதீர்கள், கப்பல்தான் தேர்ந்தெடுக்கும். திருச்சிக்குக் காரைக்கால் பக்கம், தூத்துக்குடியும் தூரமில்லை. ஆனால் உங்கள் ஒரு சரக்குக்காக ஒரு கப்பல் அங்கே வந்து நின்றால் அந்த வருகைச் செலவு முழுவதும் உங்கள் தலையில். சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி பக்கம் வேறு சரக்கும் சேர வாய்ப்பு அதிகம்.

கப்பலில் இடம் பதியும் புக்கிங் நோட்டில் கையெழுத்துப் போடும் முன் படிக்க வேண்டியது கப்பல்காரரின் பொறுப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது. ஹூக் முதல் ஹூக் வரை என்றால், கரையில் கொக்கிக்கு அடியில் கொண்டுவந்து வைப்பது உங்கள் வேலை. சரக்கை இறுக்கிக் கட்டும் லாஷிங், அடிமரம், சேட்டிலைக் கப்பல் தளத்தோடு பற்றவைப்பது, அதைப் பின்னால் அறுத்து எடுப்பது ஆகியவை யார் செலவு என்று ஒவ்வொன்றாக எழுதியிருக்க வேண்டும். கப்பல் வந்து உங்கள் சரக்கு வராவிட்டால் நாளொன்றுக்குத் தண்டம். சரக்கு வந்து கப்பல் வராவிட்டால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. அநியாயம்தான், ஆனால் அச்சடித்த நிபந்தனைகள் கப்பல்காரர் எழுதியவை.

தூக்குவதற்கு வருவோம். பட்டறையில் நாம் வழக்கமாகச் செய்கிற தவறான கணிப்பு இங்கேதான். வரைபடத்தில் உள்ள எடை வேறு, சேட்டிலும் உள்தாங்கிகளும் பற்றவைப்பும் பெயிண்டும் சேர்ந்த எடை வேறு. தொழிற்சாலையை விட்டு வெளியேறும் முன் நிறுத்துப் பாருங்கள். எடைமையத்தை நான்கு பக்கமும் பெயிண்டால் குறியுங்கள். தூக்கு வளையங்களை வைக்கும்போது தூக்கும் கயிறான ஸ்லிங்கின் கோணத்தை நினைவில் வையுங்கள். இரண்டு கால் ஸ்லிங் கிடைமட்டத்துக்கு 60 பாகையில் இருந்தால் ஒவ்வொரு காலிலும் சுமையின் 58 விழுக்காடு விழும், 30 பாகையில் முழுச் சுமையே விழும். நான்கு வளையம் இருந்தாலும் நான்கும் சமமாக வாங்கும் என்று நம்பக் கூடாது. குறுக்காக உள்ள இரண்டு மட்டுமே தாங்கினாலும் பிய்யாத அளவுக்கு வடிவமைப்பது நல்லது. இன்னொன்று, கால்வட்டத் துண்டு தனியாக இருக்கும்போது விறைப்பு இல்லாதது. குறுக்குத் தாங்கி வைக்காமல் தூக்கினால் விரியும். விரிந்து திரும்பாத ஒரு சில மில்லிமீட்டர் போதும், சொல்வேசியில் போல்ட் துளை சேராது.

கடலில் என்ன விசை வரும் என்று கேட்கிறவர் குறைவு. கப்பலில் சரக்கை அடுக்கிக் கட்டுவதற்கான சர்வதேச கடல்சார் அமைப்பின் விதித்தொகுப்பு இதற்குக் கணக்கு தருகிறது. கப்பலின் நீளம், வேகம், சரக்கு இருக்கும் உயரம் ஆகியவற்றைப் பொறுத்து பக்கவாட்டு விசை எடையில் பாதியிலிருந்து முக்கால் வரை போகும். அதே தொகுப்பில் ஓர் எளிய விதி உண்டு. ஒவ்வொரு பக்கத்திலும் உள்ள லாஷிங்குகளின் அனுமதித்த பலத்தைக் கூட்டினால் சரக்கின் எடைக்குச் சமமாக வர வேண்டும். உதாரணத்துக்கு 45 டன் என்றால் இடப்பக்கம் 45, வலப்பக்கம் 45. அனுமதித்த பலம் என்பது அறுந்துபோகும் பலம் அல்ல, சங்கிலிக்கு அதில் பாதிதான். உராய்வுக்கும் எண் தந்திருக்கிறார்கள். இரும்பின் மேல் இரும்பு உலர்ந்திருந்தால் 0.1, நனைந்தால் பூஜ்யம். இரும்புக்கும் மரத்துக்கும் 0.3. சேட்டிலுக்கு அடியில் பலகை போடச் சொல்வது சம்பிரதாயத்துக்காக அல்ல. லாஷிங்கைச் சேட்டிலில் உள்ள வளையங்களில் மட்டுமே கட்ட வேண்டும் என்று வரைபடத்திலும் சரக்கின் மேலும் எழுதிவையுங்கள். சீவிய ஃபிளாஞ்ச் முகத்தின் மேல் சங்கிலி போட்டு இறுக்கிவிட்டுப் போவது துறைமுகங்களில் சகஜம்.

பலகை என்றதும் ஒன்று. பேக்கிங் மரம் எல்லாம், மரத்தில் பூச்சி பரவாமல் தடுக்கும் சர்வதேச விதியான ஐ.எஸ்.பி.எம். 15-இன் முத்திரையோடு இருக்க வேண்டும். பெரும்பாலும், மரத்தின் உட்பகுதி 56 டிகிரியில் தொடர்ந்து 30 நிமிடம் சூடேற்றப்பட்டதற்கான அடையாளம் அது. கடைசி நேரத்தில் துறைமுகத்தில் வாங்கிச் சொருகும் கட்டைகளில் இது இருக்காது. மூன்று லட்சம் ரூபாய் சரக்கும் முப்பது கோடி சரக்கும் இதற்காக ஒரே மாதிரி நிறுத்தப்படும்.

காப்பீட்டில் மூன்று இடங்களில் கவனம் வேண்டும். முதலாவது, கப்பல்காரரின் பொறுப்பு வரம்பு. கடல்வழிச் சரக்குக்கான சர்வதேச ஹேக்-விஸ்பி விதிகளின்படி ஒரு பொதிக்கு 666.67 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) அல்லது கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர்., எது அதிகமோ அது. 38 டன் துண்டுக்கு 76,000 எஸ்.டி.ஆர்., ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர். அதற்கு மேல் உங்கள் காப்பீடுதான். அதுவும் கப்பலின் மேல்தளத்தில் கொண்டுபோவதாக, கப்பல்காரர் தரும் சரக்கு ஆவணமான பில் ஆஃப் லேடிங்கில் எழுதி அப்படியே கொண்டுபோனால், அந்த விதிகளே பொருந்தாது. கப்பல்காரர் ‘உங்கள் பொறுப்பில்’ என்று முத்திரை அடித்துவிடுவார். கால் துண்டுகள் கப்பல் அறைக்குள் போகும் அளவில் இருப்பது இங்கேயும் உதவுகிறது. அறைக்குள்தான் வைக்க வேண்டும் என்று புக்கிங்கிலேயே எழுதி வாங்குங்கள்.

இரண்டாவது, ‘எல்லா அபாயங்களும்’ என்று பேச்சுவழக்கில் சொல்லும் சரக்குக் காப்பீட்டின் ஏ பிரிவு நிபந்தனைகளிலும் விலக்குகள் உண்டு. போதாத பேக்கிங்கால் வந்த சேதம் விலக்கு. தாமதத்தால் வந்த நஷ்டம் விலக்கு. சேட்டில் வளைந்து ஷெல் நசுங்கினால் முதலில் வரும் கேள்வி சேட்டிலின் கணக்கு எங்கே என்பதுதான். காப்பீட்டு நிறுவனம் ஏற்கும் கடல்சார் ஆய்வாளர் ஒருவரை ஏற்றும் இடத்தில் நிறுத்தி, தூக்கும் முறையையும் லாஷிங்கையும் பார்த்துச் சான்று தரச் சொல்லுங்கள். சுரங்கத் திட்டம் தாமதமானால் வரும் நஷ்டத்துக்குத் தனிக் காப்பீடு இருக்கிறது. அதைத் திட்ட உரிமையாளர்தான் எடுப்பார், ஆனால் அதன் நிபந்தனையாக உங்கள் சரக்குக்கு ஆய்வாளர் கட்டாயம் என்று இருக்கலாம். முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது, இறக்கும் இடத்தில் சேதம் வெளிப்படையாகத் தெரியாவிட்டால் மூன்று நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், வழக்கு என்றால் ஓராண்டுக்குள். மூடிய பொருளைத் துறைமுகத்தில் யாரும் திறந்து பார்ப்பதில்லை. எனவே ஒவ்வொரு துண்டிலும் அதிர்வைப் பதியும் கருவி வைத்து, ஒவ்வொரு கைமாற்றத்திலும் அதைப் படிக்க ஏற்பாடு செய்யுங்கள்.

ஆவணங்களைப் பார்த்து வங்கி பணம் தரும் லெட்டர் ஆஃப் கிரெடிட் மூலம் பணம் வருமானால் வங்கியிடம் முன்பே பேசுங்கள். இதற்கான சர்வதேச யு.சி.பி. 600 விதிகளின் 26-ஆம் பிரிவுப்படி, சரக்கு தளத்தின் மேல் ஏற்றப்பட்டது என்று எழுதியிருக்கும் ஆவணத்தை வங்கி ஏற்காது. சார்ட்டர் எனப்படும் கப்பல் வாடகை ஒப்பந்தத்துக்கு உட்பட்ட பில் ஆஃப் லேடிங்கையும் கிரெடிட்டில் அனுமதி இல்லாமல் ஏற்காது. பல்நோக்குக் கப்பல்களில் இந்த இரண்டுமே சாதாரணமாக நடப்பவை. கிரெடிட் திறக்கும்போதே அனுமதி எழுதி வாங்காவிட்டால், ஷெல் சாம்பியாவில் சுற்றிக்கொண்டிருக்கும், பணம் வங்கியில் நிற்கும்.

சுங்கத்தில் ஒரு நுணுக்கம். அரைவை இயந்திரங்கள் சுங்கப் பட்டியலில் 8474 என்ற தலைப்பில் வருகின்றன. முழு இயந்திரமும் பிரித்த நிலையில் ஒரே சரக்காகப் போனால் இயந்திரமாகவே வகைப்படுத்தப்படும். நீங்கள் ஷெல் அனுப்ப, வேறொருவர் வேறொரு நாட்டிலிருந்து மோட்டார் அனுப்ப, போல்ட் தனியாகப் போனால், ஒவ்வொன்றும் தனித்தனி வகையாகிவிடக்கூடும். போல்ட் வெறும் போல்ட்டாகவே வரி கட்டலாம். வாங்குபவரின் சுங்க முகவர் சாம்பிய அரசிடம் முன்கூட்டியே தீர்வு வாங்கி, அதற்கேற்ற விவரணையை உங்களுக்குத் தரட்டும். உங்கள் இன்வாய்ஸில் அதே சொற்கள், அதே வரிசை எண்கள் இருக்க வேண்டும்.

போல்ட்டைப் பற்றிக் கடைசியாகச் சொல்கிறேன், ஆனால் கடைசியில் நினைக்காதீர்கள். ஷெல் தொலையாது, போல்ட் பெட்டி தொலையும். பொருத்தும் வரிசையில் முதலில் தேவைப்படுபவை நங்கூர போல்ட்டும் அடித்தகடும். அவை முதலில் போக வேண்டும். சுரங்கத்தில் உங்கள் பொருள் ஓராண்டு வெட்டவெளியில் கிடந்தாலும் வியப்பில்லை. சீவிய முகங்களுக்குத் துருத்தடுப்புப் பூச்சு, அதன் மேல் மரக் காப்பு, பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம், எப்போது மாற்ற வேண்டும் என்ற தாள், எல்லாம் ஓராண்டுக்கு என்று கணக்கிட்டுச் செய்யுங்கள்.

இப்போது டி.ஏ.பி. அந்த விலையைக் கேட்பதற்குக் காரணம், கிட்டோங்கா வளைவும் டுண்டுமா வரிசையும் நவம்பர் மழையும் யார் கணக்கில் விழும் என்பது அவர்களுக்குத் தெரியும். உங்களுக்கு அங்கே அலுவலகம் இல்லை, வண்டி இல்லை, அனுமதி வாங்கித் தர ஆள் இல்லை. சுரங்கத்துக்கோ எப்போதும் சரக்கு வந்துகொண்டே இருக்கிறது, அவர்களுக்குப் பழகிய போக்குவரத்து நிறுவனம் இருக்கும். பல்நோக்குக் கப்பல் என்றால் சென்னையில் கப்பலில் ஏற்றுவது வரை மட்டும் உங்கள் பொறுப்பான எஃப்.ஓ.பி. சென்னை, பிளாட் ராக் என்றால் அவர்களுடைய போக்குவரத்துக்காரரிடம் ஒப்படைப்பது வரையான எஃப்.சி.ஏ. என்று கொடுங்கள். லாஷிங்கும் அடிமரமும் யார் செலவு என்று தனி வரியில் எழுதுங்கள். அவர்கள் பிடிவாதமாக இருந்தால், கப்பல் கட்டணமும் காப்பீடும் உங்கள் கணக்கில் வரும் சி.ஐ.எஃப். தார் எஸ் சலாம் வரை இறங்கி வரலாம், அதற்கு மேல் வேண்டாம். மேலே சொன்ன கப்பல் புக்கிங்கும் காப்பீடும் அப்போதுதான் உங்கள் வேலை. விலைப்புள்ளியோடு நான்கு துண்டுக்கான போக்குவரத்து வரைபடத்தை இணைத்து, அளவு, எடை, எடைமையம், தூக்கும் முறை எல்லாவற்றுக்கும் அவர்களுடைய போக்குவரத்து நிறுவனத்தின் கையெழுத்தை வாங்கிய பிறகே தகடு வெட்டத் தொடங்குவோம் என்று நிபந்தனை போடுங்கள்.